வரிசையில் நிற்கும் பிரிண்டை நிறுத்த ஐந்து வழிகள்: எதை எப்போது தட்டுவது?

பிரிண்ட் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் தெரிகிறது, இரண்டு பக்கம் போதும் என்ற இடத்தில் இருநூறு பக்கம் போய்விட்டது. டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தை, திறந்துகொண்டு விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ‘கேன்சல்’ கொடு என்கிறார் ஒருவர். ‘எல்பிஆர்எம்’தான் சரி என்கிறார் இன்னொருவர். ஸ்பூலரையே (அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை) நிறுத்திவிட்டுக் கோப்புகளை அழி என்கிறார் மூன்றாமவர். பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் போச்சு என்பவரும் உண்டு. எல்லாமே ஏதோ ஒரு நிலைமைக்குச் சரிதான். நிலைமை மாறினால் பக்கத்து மேசைக்காரரின் ஜாப் (அச்சுக்குக் கொடுத்த வேலை) காணாமல் போகும், அல்லது கிறுக்கல் எழுத்தோடு ஒரு கட்டுத் தாள் வெளியே வந்து விழும்.

இந்த ஐந்து வழிகளில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. லினக்ஸ், மேக் இரண்டிலும் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள்தான், அதனால் இரண்டுக்கும் ஒரே கட்டளைகள். விண்டோஸுக்கு இணையானதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: ஜாப் இப்போது எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். வரிசையில் தன் முறைக்காகக் காத்திருக்கலாம். கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது முழுவதும் போய்ச் சேர்ந்து பிரிண்டரின் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கலாம். கட்டளை வரியின் கை முதல் இரண்டு இடங்கள் வரைதான் நிச்சயமாக நீளும். “ரத்து செய்தேன், ஆனாலும் அடித்துக்கொண்டே இருக்கிறது” என்ற புலம்பலில் பெரும்பாலானது மூன்றாவது இடத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி: இந்தக் கட்டளையால் யார் யாருடைய ஜாப் போகும்? ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் இது ஒரு பொருட்டே அல்ல. பலர் பகிரும் சர்வரில் இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும்.

மற்ற மூன்றும் சின்னக் கேள்விகள். அட்மின் அனுமதி வேண்டுமா? மனம் மாறினால் ஜாபைத் திரும்ப எடுக்க முடியுமா? ரத்து செய்த பிறகு வரிசை தானாக ஓடத் தொடங்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ரத்து செய்த பிறகும் பிரிண்டர் ஊமையாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

## எதையும் ரத்து செய்யுமுன்

எந்த வழியானாலும் முதலில் வரிசையைப் பாருங்கள். ‘எல்பிஸ்டாட் -ஓ’ என்று தட்டினால் முடியாத ஜாப்கள் வரிக்கொன்றாக வரும். முதலில் ‘லேசர்-217’ மாதிரி ஒரு பெயர்: கோட்டுக்கு முன்னால் பிரிண்டர், பின்னால் ஜாப் எண். அடுத்து உரிமையாளர் பெயர், அப்புறம் பைட்டில் அளவு, கடைசியில் கொடுத்த நேரம். அளவைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் சில லட்சம் பைட்டில் இருக்க, ஒன்று மட்டும் முப்பது கோடியில் நின்றால் வரிசையை அடைத்துக்கொண்டிருப்பது யார் என்று கண்டுபிடிக்க வேறு துப்பு வேண்டாம்.

‘எல்பிகியூ’வும் அதே பட்டியலைத்தான் தரும், ஆனால் முதல் பத்தியில் இடத்தைச் சொல்லும்: இப்போது ஓடுவது ‘ஆக்டிவ்’, பின்னால் இருப்பவை முதலாவது, இரண்டாவது என்று. ‘எல்பிகியூ +5’ என்றால் வரிசை காலியாகும் வரை ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். கண்காணிக்க இதுதான் வசதி.

‘எல்பிஸ்டாட் -பி’ பிரிண்டரின் நிலையைச் சொல்லும். இதில் ‘டிஸேபிள்டு’ என்று வந்தால் நில்லுங்கள், உங்கள் பிரச்சினை ஜாபே அல்ல. காகிதம் தீர்ந்தோ வயர் கழன்றோ ஒரு ஜாப் தோற்றால், பிரிண்டரையே நிறுத்திவிடுவதுதான் கப்ஸின் வழக்கமான பிழைக் கொள்கை. அப்படி நின்ற வரிசையில் எத்தனை ஜாபை ரத்து செய்தாலும் அடுத்து வருவதும் அங்கேயே நிற்கும். ‘கப்ஸ்எனேபிள் லேசர்’ கொடுத்தால் எல்லாம் ஓடத் தொடங்கும், ஒன்றையும் ரத்து செய்யாமலே.

விண்டோஸில் இந்தப் பார்வைக்கு அதன் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-பிரிண்ட்ஜாப் -பிரிண்டர்நேம் லேசர்’. பிரிண்டரின் பெயர் நினைவில் இல்லையென்றால் முதலில் ‘கெட்-பிரிண்டர்’. விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் இவை கூடவே வருகின்றன.

## வழி ஒன்று: எண்ணைச் சொல்லி ஒன்றை மட்டும்

‘கேன்சல் 217’ அல்லது ‘எல்பிஆர்எம் 217’. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிறகு ஏன் இரண்டு? யூனிக்ஸில் இரண்டு மரபுகள் இருந்தன. சிஸ்டம் ஃபைவ் பக்கத்தில் ‘எல்பி’, ‘எல்பிஸ்டாட்’, ‘கேன்சல்’. பெர்க்லி பக்கத்தில் ‘எல்பிஆர்’, ‘எல்பிகியூ’, ‘எல்பிஆர்எம்’. 1999இல் கப்ஸ் வந்தபோது யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டு குடும்பத்தையும் வைத்துக்கொண்டது. 2002இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் கப்ஸைச் சேர்த்ததால் அங்கேயும் இரண்டும் உண்டு.

கப்ஸில் ஜாப் எண் சர்வர் முழுவதற்கும் ஒரே தொடராக ஓடுகிறது. அதனால் எண் மட்டும் போதும், பிரிண்டர் பெயர் வேண்டாம். விண்டோஸில் அப்படி இல்லை: ‘ரிமூவ்-பிரிண்ட்ஜாப் -பிரிண்டர்நேம் லேசர் -ஐடி 12’ என்று பிரிண்டர், எண் இரண்டையும் சொல்ல வேண்டும்.

அனுமதி விஷயத்தில் இதுதான் மிக எளிய வழி. உங்கள் ஜாபை நீங்களே ரத்து செய்யலாம். வேறொருவருடையது என்றால் கப்ஸில் அட்மின் குழுவில் இருக்க வேண்டும். விண்டோஸில் அந்த பிரிண்டரின் ஆவணங்களை நிர்வகிக்கும் உரிமை வேண்டும்.

திரும்ப எடுப்பது? இங்கேதான் பலர் அறியாத ஒரு வசதி. கப்ஸ் வழக்கமான அமைப்பில் ஜாபின் கோப்பை 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், வைத்திருக்கும். அதற்குள் ‘எல்பி -ஐ 217 -ஹெச் ரீஸ்டார்ட்’ கொடுத்தால் ரத்து செய்த ஜாபும் மறுபடி எழுந்து வரும். இந்தக் கட்டளையில் ‘ஹெச்’ பெரிய எழுத்து. விண்டோஸில் நீக்கினால் நீக்கியதுதான்.

இந்த வசதிக்கு ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது. ரத்து செய்தேன், போய்விட்டது என்று நீங்கள் நினைத்த சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ சர்வரின் வட்டில் இன்னும் இருக்கிறது. அந்தரங்கமான கோப்பென்றால் ‘கேன்சல் -எக்ஸ் 217’ என்று தட்டுங்கள். ஜாபோடு கோப்பும் போகும். ‘எல்பிஆர்எம்’முக்கு இந்த வசதி கிடையாது. இரண்டில் எதைப் பழகுவது என்று கேட்டால் நான் ‘கேன்சல்’ பக்கம் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ‘எல்பிஆர்எம்’மில் இருக்கும் ஒரு கண்ணி. அதில் பிரிண்டரைக் குறிக்க ‘-பி’, பெரிய எழுத்தில். ஆனால் தனியாக நிற்கும் ஒரு கோட்டுக்கு ‘எல்லாம்’ என்று அர்த்தம். அவசரத்தில் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் ஒன்றை ரத்து செய்யப் போய் வரிசையே போகலாம். பழைய பெர்க்லி முறையில் அந்தக் கோடு சாதாரணப் பயனருக்கு ‘என்னுடையது எல்லாம்’ என்றும், ரூட்டுக்கு (முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு) ‘எல்லாருடையதும்’ என்றும் பொருள்பட்டது. அப்போதே ரூட்டாக இருந்துகொண்டு தட்டுவது ஆபத்துதான்.

எண்ணே கொடுக்காமல் வெறும் ‘கேன்சல்’ அல்லது வெறும் ‘எல்பிஆர்எம்’ தட்டினால் இயல்பு பிரிண்டரில் (பெயர் சொல்லாதபோது கணினி தானாக எடுத்துக்கொள்வது) இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஜாப் ரத்தாகும். ஒரே பிரிண்டர், ஒரே ஆள் என்றால் இதைவிட வேகமான வழி இல்லை. அந்த நிபந்தனை இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இதைத் தொடாதீர்கள். இயல்பு பிரிண்டர் நீங்கள் நினைத்ததுதானா என்பதை ‘எல்பிஸ்டாட் -டி’ சொல்லும்.

எப்போது இது சரி: வரிசையில் மற்றவர்களின் ஜாபும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டாதது ஒன்றோ இரண்டோ. பத்தில் ஒன்பது சமயம் நிலைமை இதுதான்.

## வழி இரண்டு: வரிசையையே காலி செய்வது

‘கேன்சல் -ஏ லேசர்’ என்றால் லேசர் வரிசையில் உள்ளவை எல்லாம் போகும். பெயரை விட்டுவிட்டு ‘கேன்சல் -ஏ’ என்று மட்டும் தட்டினால் எல்லாப் பிரிண்டர்களிலும் உள்ளவை எல்லாம் போகும். மூன்றாவதாக, ‘-ஏ’வை விட்டு ‘கேன்சல் லேசர்’ என்றால் அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும். மூன்றுக்கும் தட்டச்சில் வித்தியாசம் ஒரு சொல்தான், விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விண்டோஸில் ‘கெட்-பிரிண்ட்ஜாப்’ தரும் பட்டியலை ஒரு செங்குத்துக் கோடு போட்டு ‘ரிமூவ்-பிரிண்ட்ஜாப்’புக்குத் தள்ளிவிட்டால் அதே வேலை நடக்கும். நடுவில் பயனர் பெயரை வைத்து வடிகட்டவும் முடியும் என்பது இதன் பலம். பழைய விண்டோஸ் கணினிகளில் இதற்கென்று விபிஸ்கிரிப்ட் கோப்புகள் உண்டு. ஆனால் விபிஸ்கிரிப்டையே கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது, அதனால் புதிதாக எதையும் அதன்மேல் கட்ட வேண்டாம்.

இந்த வழியின் செலவு வெளிப்படையானது: மற்றவர்களின் ஜாப். யாருடையது போனது என்று அவர்களுக்கு எந்தத் தகவலும் போகாது. பிரிண்டருக்கு எதிரே போய் நின்று பார்த்து, இல்லையென்று திரும்பி வந்து, மறுபடி கொடுப்பார்கள். அதற்குள் உங்களையும் தேடி வந்துவிடுவார்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது, அதை நான் அதிகம் பரிந்துரைப்பேன்: ‘கேன்சல் -யு பயனர்பெயர்’. ஒரே ஆளுடைய ஜாப்கள் மட்டும் போகும், மற்றவை அப்படியே நிற்கும். கூடவே ‘-ஏ’வைச் சேர்க்க வேண்டாம்; அது தேவையும் இல்லை, இரண்டையும் கலந்தால் எது ஜெயிக்கும் என்ற குழப்பம்தான் மிச்சம்.

எப்போது இது சரி: பிரிண்டர் உங்களுடையது மட்டும் என்றால், அல்லது வரிசையில் இருப்பது எல்லாமே ஒரே தவறான ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) கொட்டியது என்று பட்டியலைப் பார்த்தே தெரிந்தால்.

## வழி மூன்று: ரத்து செய்யாமல் நிறுத்தி வைப்பது

இதை யாரும் முதலில் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும் என்பது என் கட்சி. “ரத்து செய்ய வேண்டும்” என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ரத்து அல்ல. தன் இரண்டு பக்கத்துக்கு முன்னால் நிற்கும் இருநூறு பக்கம் கொஞ்சம் விலக வேண்டும், அவ்வளவுதான்.

‘எல்பி -ஐ 217 -ஹெச் ஹோல்டு’ (பெரிய ‘ஹெச்’) என்றால் அந்த ஜாப் வரிசையிலேயே ஒதுங்கி நிற்கும், பின்னால் உள்ளவை முன்னேறும். ‘ஹோல்டு’க்குப் பதில் ‘ரெஸ்யூம்’ என்றால் மறுபடி வரிசைக்கு வரும். காத்திருக்கும் ஜாபுக்குத்தான் இது. ஓடத் தொடங்கிவிட்டதற்கு இதை நம்ப வேண்டாம். விண்டோஸில் ‘சஸ்பெண்ட்-பிரிண்ட்ஜாப்’, ‘ரெஸ்யூம்-பிரிண்ட்ஜாப்’.

ஒதுக்கி வைக்கவும் மனமில்லையென்றால் முன்னுரிமையை மாற்றலாம். கப்ஸில் ஒவ்வொரு ஜாபுக்கும் 1 முதல் 100 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு, இயல்பாக 50. ‘எல்பி -ஐ 218 -கியூ 80’ என்றால் 218 முன்னால் போகும். யாருடைய ஜாபும் போகவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிரிண்டரே கெட்டு நிற்கிறது, வரிசையில் பத்துப் பதினைந்து ஜாப் இருக்கிறது என்றால் ‘எல்பிமூவ் லேசர் மாடி’ அத்தனையையும் லேசரிலிருந்து மாடி என்ற பிரிண்டருக்கு மாற்றிவிடும். ஒன்றை மட்டும் மாற்ற ‘எல்பிமூவ் 217 மாடி’. கப்ஸ் வரிசையில் இருப்பது பெரும்பாலும் மூலக் கோப்பு, அச்சிடும் நேரத்தில்தான் பிரிண்டரின் மொழிக்கு மாற்றப்படும். அதனால் பொதுவாகப் புதிய இடத்திலும் சரியாக வரும். ‘ரா’ முறையில், அதாவது எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பும்படி, கொடுத்த ஜாப்கள் விதிவிலக்கு. அவை பழைய பிரிண்டரின் மொழியிலேயே இருக்கும், வேறு மாடலுக்கு நகர்த்தினால் குப்பைதான் அச்சாகும்.

முழு வரிசையையும் நிறுத்த இரண்டு கட்டளைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘கப்ஸ்டிஸேபிள்’ அச்சடிப்பதை நிறுத்தும், ஆனால் புதிய ஜாப்களை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டே இருக்கும். ‘கப்ஸ்ரிஜெக்ட்’ புதிய ஜாப்களை வாங்க மறுக்கும், ஆனால் ஏற்கெனவே உள்ளதை அடித்துக்கொண்டே இருக்கும். ஒன்று வாசல் கதவு, மற்றது கொல்லைக் கதவு.

‘கப்ஸ்டிஸேபிள்’லின் மறைமுகச் செலவு தாளில் வரும். அது ஓடிக்கொண்டிருக்கும் ஜாபை நடுவில் நிறுத்தி வரிசைக்கே திருப்பி அனுப்பும். மறுபடி ‘கப்ஸ்எனேபிள்’ கொடுத்தால் அந்த ஜாப் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். நூறு பக்கத்தில் எண்பது முடிந்திருந்தால் அந்த எண்பதும் இன்னொரு முறை. டோனர் மாற்றவோ காகிதம் வைக்கவோ நிறுத்துகிறீர்கள் என்றால் ‘--ஹோல்டு’ சேர்த்துக் கொடுங்கள். ஓடும் ஜாப் முடிந்துவிடும், மீதி காத்திருக்கும். பிறகு ‘கப்ஸ்எனேபிள் --ரிலீஸ்’.

## வழி நான்கு: ஸ்பூலரை நிறுத்திக் கோப்புகளை அழிப்பது

விண்டோஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி: ஜாபை நீக்கினால் ‘டிலீட்டிங்’ என்று காட்டும், அப்படியே காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே சொல். பின்னால் வரும் எதுவும் நகராது. இங்கே ‘ரிமூவ்-பிரிண்ட்ஜாப்’ மறுபடி மறுபடி கொடுத்துப் பயனில்லை.

அட்மினாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’. அப்புறம் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே எஸ்பிஎல், எஸ்ஹெச்டி என்று முடியும் கோப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: முதலாவதில் அச்சிட வேண்டிய தரவு, இரண்டாவதில் ஜாபின் விவரம். கோப்புகளை மட்டும் அழியுங்கள், கோப்புறையை விட்டுவிடுங்கள். பிறகு ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’.

நடுப்படியைத் தவிர்த்து ஸ்பூலரை நிறுத்தி மட்டும் தொடங்கினால் என்ன? சில சமயம் அதுவே போதும், முதலில் அதைச் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஜாப்கள் வட்டில் இருப்பதால் ஸ்பூலர் எழுந்தவுடன் அதே கோப்புகளை மறுபடி படித்துக்கொள்ளும். கெட்ட ஜாப் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

செலவு: அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பிரிண்டரும், எல்லாருடைய ஜாபும். திரும்ப எடுக்க வழியே இல்லை. பிரிண்ட் சர்வரில் பகல் நேரத்தில் இதைச் செய்பவருக்கு நல்ல பெயர் கிடைக்காது. அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பு மட்டும் அசாதாரணப் பெரிதாகவோ, மற்றவற்றைவிடப் பழையதாகவோ இருந்தால் அந்த ஜோடியை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும், மற்றவர்களின் ஜாப் பிழைக்கும்.

லினக்ஸில் இந்த வழிக்கு அநேகமாகத் தேவையே வராது. கப்ஸை மறுதொடக்கம் செய்தாலும் வரிசை அப்படியே திரும்பி வரும், அது வடிவமைப்பு. அதன் ஸ்பூல் கோப்புறைக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிப்பது வேண்டாத வேலை. ‘கேன்சல் -ஏ -எக்ஸ்’ அதையே முறையாகச் செய்கிறது.

## வழி ஐந்து: பிரிண்டரின் பொத்தான்

கட்டளை வரி பற்றிய கட்டுரையில் பொத்தானுக்கு என்ன வேலை? ஜாப் பிரிண்டருக்குள் போய்விட்டால் அதற்கு மட்டும்தான் வேலை.

கணினி பிரிண்டரோடு எந்த நெறிமுறையில் பேசுகிறது என்பதைப் பொறுத்தது இது. ஐபிபி, அதாவது 631ஆம் போர்ட் (வலைப்பின்னலில் எண்ணிட்ட வாசல்) வழியே பேசும் இணைய அச்சு நெறிமுறை, ஜாபை ரத்து செய் என்று பிரிண்டரிடமே சொல்லத் தெரிந்தது. 1990இல் ஆர்எஃப்சி 1179 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக எழுதி வைக்கப்பட்ட பழைய எல்பிடி நெறிமுறைக்கும் (515ஆம் போர்ட்) ஜாபை நீக்கும் கட்டளை உண்டு. ஆனால் மிகப் பரவலான 9100ஆம் போர்ட் வழி வெறும் குழாய். தரவு ஒரு முனையில் போகும், மறுமுனையில் விழும். ‘நான் அனுப்பியதை மறந்துவிடு’ என்று சொல்ல அதில் ஏற்பாடே இல்லை. இந்த வழியில் கணினியில் ரத்து செய்தால் இனிமேல் போக வேண்டியது நிற்கும், போனது போனதுதான். நினைவகம் பெரிதாக உள்ள பிரிண்டர் என்றால் நாற்பது பக்கக் கோப்பு சில விநாடியில் உள்ளே போயிருக்கும், வரிசையும் காலி என்று காட்டும்.

அப்போது பிரிண்டரின் முகப்பில் உள்ள ரத்துப் பொத்தான். மின்சாரத்தைப் பிடுங்குவது கடைசி. லேசர் பிரிண்டரில் தாள் சூடான உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்; இங்க்ஜெட்டில் மை முனை மூடப்படாமல் நடுவழியில் நின்று காயும். இதைவிட மோசம், கணினிப் பக்கம் ஜாப் இன்னும் உயிரோடு இருந்தால் பிரிண்டர் எழுந்தவுடன் தரவு நடுவிலிருந்து வரத் தொடங்கலாம். தலைப்பகுதி இல்லாத தரவைப் பிரிண்டர் சாதாரண எழுத்து என்று எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு ஒரு வரி கிறுக்கலாக அடித்துத் தள்ளும். அந்தக் கிறுக்கல் தாள்கள் எங்கிருந்து வருகின்றன என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

ஆகவே வரிசைமுறை முக்கியம்: முதலில் கணினியில் ரத்து, பிறகு பிரிண்டரில் ரத்து. தாள் ஓடிக்கொண்டே இருந்தால் காகிதத் தட்டை வெளியே இழுத்துவிடலாம். உள்ளே போன தாளை முடித்துவிட்டு அது தானே நிற்கும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | ஜாப் எங்கே இருந்தால் உதவும் | யாருடையது போகும் | அட்மின் வேண்டுமா | திரும்ப எடுக்கலாமா |
|---|---|---|---|---|
| எண் சொல்லி ரத்து | வரிசையில், போகும் வழியில் | அந்த ஒன்று மட்டும் | தன்னுடையதற்கு வேண்டாம் | கப்ஸில் ஒரு நாள் வரை. ‘-எக்ஸ்’ போட்டால் இல்லை |
| வரிசையைக் காலி செய்தல் | வரிசையில், போகும் வழியில் | எல்லாருடையதும் | வேண்டும் | மேலே சொன்னதுபோல், ஆனால் ஒவ்வொன்றாக |
| நிறுத்தி வைத்தல், நகர்த்தல் | வரிசையில் | யாருடையதும் இல்லை | முழு வரிசைக்கு வேண்டும் | தேவையே இல்லை |
| ஸ்பூலர் கோப்பு அழிப்பு | சிக்கி நிற்கும்போது, விண்டோஸில் | அந்தக் கணினியில் எல்லாம் | வேண்டும் | இல்லை |
| பிரிண்டர் பொத்தான் | பிரிண்டருக்குள் | இப்போது அச்சாவது | வேண்டாம் | கணினியில் ஜாப் மீந்திருந்தால் மட்டும் |

## எதை எடுப்பது என்று குழப்பம் வரும் இடங்கள்

வேறொரு சர்வரின் வரிசை என்றால் உங்கள் கணினியில் ரத்து செய்தது அங்கே போய்ச் சேராமல் இருக்கலாம். உங்கள் பக்கம் பட்டியல் காலி, பிரிண்டர் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். ‘எல்பிஸ்டாட் -ஹெச் சர்வர்பெயர் -ஓ’ என்று அங்கே உள்ள வரிசையைப் பாருங்கள். அங்கே இருந்தால் ‘கேன்சல் -ஹெச் சர்வர்பெயர்’ என்று தொடங்கி அங்கே உள்ள எண்ணைக் கொடுங்கள். இந்த ‘ஹெச்’ சிறிய எழுத்து. இரண்டு இடத்திலும் எண் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்; ஒவ்வொரு சர்வரும் தன் கணக்கில்தான் எண் போடும்.

ஒரு ஜாப் ஓடுவதாகவே காட்டுகிறது, ஆனால் தாள் வரவில்லை என்றால் உடனே ரத்து செய்ய வேண்டியதில்லை. பெரிய படங்கள் நிறைந்த கோப்பை மாற்றுவதற்கு நேரம் எடுக்கும். கப்ஸ் தானே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு ஜாப் 10,800 விநாடிக்கு மேல், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல், இழுத்தால் அதுவே ரத்து செய்துவிடும். அவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்லவில்லை. அளவையும் பிரிண்டர் நிலையையும் பார்த்துவிட்டு, பின்னால் யாரும் நிற்கவில்லையென்றால் விட்டுவிடலாம். யாராவது நின்றால் எண்ணைச் சொல்லி அதை மட்டும் எடுத்துவிடலாம்.

கடைசியாக, சுழற்சியில் மாட்டிக்கொண்ட ஸ்கிரிப்ட். நிமிடத்துக்கு நூறு ஜாப் கொட்டுகிறது, நீங்கள் ‘கேன்சல் -ஏ’ கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், வரிசை நிரம்பிக்கொண்டே இருக்கிறது. இங்கே ரத்து செய்யும் கட்டளை எதுவும் தனியாக உதவாது. முதலில் ‘கப்ஸ்ரிஜெக்ட் லேசர்’, கதவு சாத்தியாயிற்று. அடுத்து அந்த ஸ்கிரிப்டைத் தேடி நிறுத்துங்கள். அப்புறம் ‘கேன்சல் -யு’ போட்டு ஸ்கிரிப்ட் எந்தப் பயனர் பெயரில் ஓடியதோ அதன் ஜாப்களை மட்டும் கழியுங்கள், மற்றவர்களுடையது பிழைக்கும். ‘எல்பிஸ்டாட் -ஓ’வில் மீதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘கப்ஸ்அக்செப்ட் லேசர்’. இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் மறுநாள் காலை யாராலும் பிரிண்ட் கொடுக்க முடியாது, ஏன் என்றும் யாருக்கும் தெரியாது.